கைகளை அக்குளில் வைத்துக்கொள்ளவும்

எங்கள் அலுவலகத்தில் யாரும் யாருக்கும் கை கொடுப்பதில்லை. திமிர் என்று நினைத்துவிட வேண்டாம். நாலாவது மாடிக்கு வந்து கதவைத் தள்ளினால் எதிரிலேயே ஒரு பலகை தொங்கும்: "கைகளை அக்குளில் வைத்துக்கொள்ளவும்." உள்ளே நாங்கள் நாற்பத்தொரு பேர், வெயில் கொளுத்துகிற நாளிலும் குளிரில் விறைத்தவர்களைப் போல இரண்டு கைகளையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நான் டைப்பிஸ்ட் என்பதால் டைப் அடிக்கிற நேரத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. அப்போதும் தோல் கையுறை மாட்டிக்கொள்ள வேண்டும்.

எல்லாம் ஒரு விதியால் வந்தது. பொதுக் கட்டடப் பராமரிப்பு வாரியத்துக்கு வருகிற கடிதம் முதலில் யார் கையில் படுகிறதோ, அது அவருடையது. பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான், பழி சுமக்க வேண்டியவரும் அவர்தான். பெயர் போட்டு வருகிற கடிதத்தால் தொந்தரவு இல்லை. பெயருக்குரியவர் அன்றைக்கு லீவு போட்டுவிடுவார். "டு ஹூம் இட் மே கன்சர்ன்" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்து வருகிற கடிதம்தான் ஆளைக் கொல்லும். யாருக்குச் சம்பந்தமோ அவருக்கு என்று அர்த்தம். அலுவல் எழுத்தில் இதைவிட உயர்ந்த பிரயோகம் கிடையாது என்று எங்கள் அறுபத்து நாலு பக்கக் கையேடு சொல்கிறது. அதைச் சரியாகப் பயன்படுத்துவது எப்படி என்பதைத் தவிர அந்தக் கையேட்டில் வேறு எதுவும் இல்லை.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு அதிகாரி ஆர்வக்கோளாறில் அப்படி வந்த கடிதம் ஒன்றைக் கை நீட்டி வாங்கிவிட்டார். மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டியில் விரிசல் என்று யாரோ எழுதியிருந்தார்கள். தொட்டி உடைந்தது. சம்பந்தப்பட்டவர் யார் என்று மேலிடம் கேட்டது. கடிதம் அவர் கையில் இருந்தது. காலைப் பிடித்து நாலு மாடிப் படிகளிலும் இழுத்துக்கொண்டு இறங்கினார்கள், ஒரு படியையும் விடாமல். அவருடைய மூக்குக்கண்ணாடியை இன்றைக்கும் வரவேற்பறையில் ஒரு பெட்டிக்குள் வைத்திருக்கிறோம். ஒரு பக்கம்தான் கிடைத்தது. அன்றைக்கு அக்குளுக்குள் போன கைகள் பிறகு வெளியே வரவில்லை.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் லிஃப்ட் மெக்கானிக் கடிதம் கொண்டுவந்தான்.

கட்டடத்தில் இருப்பது ஒரே லிஃப்ட். அதைப் பழுது பார்க்கிறவன் அவன். அதற்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பொத்தான் அழுத்துகிறவள் அவன் மனைவி. காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை அவள் மேலே போய்க் கீழே வந்துகொண்டே இருப்பாள். மத்தியானம் அவன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு மூன்றாவது மாடியில் நிற்பான். கதவு திறந்து மூடுவதற்குள் அவள் வாங்கிக்கொள்ள வேண்டும். கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் அவர்கள் பேசிக்கொண்டதில் பாதி அந்தக் கதவிடுக்கில் பேசியதுதான்.

மாதத்துக்கு ஒருமுறை கிரீஸ் போடுவதற்கு மெஷின் ரூம் சாவியை அவனிடம் கொடுப்பார்கள். அந்த மாதமும் அவன் போய்ப் பார்த்தான். லிஃப்டைத் தாங்கும் மூன்று கம்பிக் கயிறுகளில் ஒன்று அறுந்து சுருண்டு கிடந்தது. இரண்டாவதில் பாதி இழைகளைக் காணோம். மூன்றாவதைத் தொட்டான், துரு செதில் செதிலாகக் கையோடு வந்தது. கயிறு அறுந்தால் லிஃப்டைக் கவ்விப் பிடிப்பதற்கென்று கொக்கிகள் உண்டு. போன வருஷம் அவற்றைப் பெயிண்ட் அடிக்கக் கழற்றி அனுப்பினார்கள். பெயிண்ட் இன்னும் காயவில்லையாம்.

அவன் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தான். புத்தியுள்ள எவனும் அதைத்தான் செய்வான். ஆனால் எழுத்து மூலமான உத்தரவு இல்லாமல் லிஃப்டை நிறுத்தக் கூடாது. இரண்டு காவலாளிகள் வந்தார்கள். ஒருவர் அவன் இடது கையைப் பிடித்து சுவிட்ச் பெட்டிக்குள் வைத்தார். மற்றவர் பெட்டியின் இரும்புக் கதவை ஓங்கிச் சாத்தினார். இரண்டு விரல்கள் நசுங்கிப் போயின. லிஃப்ட் மறுபடி ஓடியது.

மனைவி ஸ்டூலை விட்டு எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். அவளுக்கு முன்னால் இருந்தவள், மயக்கமாக வருகிறது என்று ஒருநாள் எழுந்தாள். கணுக்கால் இரண்டிலும் ரூல்தடியால் அடித்தார்கள். அதற்கப்புறம் அவள் எழுந்து நிற்கிற பிரச்சினையே வரவில்லை.

"எழுதிக் குடுத்தா நிறுத்திடுவாங்களா சார்?" என்று மெக்கானிக் என்னிடம் கேட்டான். கையில் சுற்றிய துணியிலிருந்து என் மேஜை மேல் சொட்டியது.

"எழுதுற விதத்தைப் பொறுத்து" என்றேன், ஒரு பழைய காகிதத்தை அதன் அடியில் தள்ளிக்கொண்டே.

அவன் கடிதத்தைச் சொந்த வார்த்தையிலேயே எழுதினான். "ஐயா, லிஃப்ட் கயிறு அறுந்துகொண்டிருக்கிறது. உடனே நிறுத்துங்கள். உள்ளே என் மனைவி இருக்கிறாள்." மொத்தமே அவ்வளவுதான். தபால் குமாஸ்தா தன் இடத்தை விட்டு எழாமல் கழுத்தை மட்டும் நீட்டிப் படித்தார். யாரைப் பிடித்தாலும் விடமாட்டார் என்பதால் அவருக்குக் கோந்து என்று பெயர்.

"என்னய்யா இது? கடுதாசியா, இல்லை தெருவுல நின்னு கத்துறியா?"

"அவசரம் சார். அதான்..."

"அவசரத்துக்கும் ஒரு முறை இருக்கா இல்லையா? ஆரம்பம் எங்கே? அடக்கம் எங்கே? எடுத்த எடுப்புல கயிறுங்கிறே, அறுந்துதுங்கிறே. படிக்கிறவங்க மனசு என்ன பாடுபடும்னு யோசிச்சியா? சரி, திருப்பி அனுப்புறேன். நெத்தியில வெச்சுப் பிடி."

அதுவும் ஒரு முறைதான் போலிருக்கிறது என்று நினைத்து அவன் கடிதத்தை நெற்றியில் வைத்துப் பிடித்தான். கோந்து கையுறை மாட்டிக்கொண்டு ஸ்டேப்ளரை எடுத்து, மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நாலு பின் அடித்தார். நிராகரிக்கப்பட்ட கடிதம் வழியில் தொலைந்துபோகாமல் இருக்க அப்படி ஒரு ஏற்பாடு.

அன்று மத்தியானம் மூன்றாவது மாடியில் கதவு திறந்தபோது மனைவி அவன் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"என்னங்க நெத்தியில?"

"ஆபீஸ்ல போட்டாங்க."

"அப்ப வாங்கிக்கிட்டாங்களா?"

"இன்னும் இல்லை. நீ சாப்பிடு."

"சத்தம் மாறியிருக்குங்க. நேத்து வரைக்கும் முனகிட்டு இருந்துது. இன்னிக்குப் பல்லை நறநறன்னு கடிக்குது" என்றாள். கதவு மூடிக்கொண்டது.

யாரோ சொன்னார்கள் என்று இரண்டாவது கடிதத்தைத் துணைத் தலைவர் பெயருக்கே எழுதினான். துணைத் தலைவரை நாங்கள் இடுக்கி என்போம். எந்தக் காகிதத்தையும் ஒரு முழ நீள இரும்பு இடுக்கியால்தான் எடுப்பார். உறைமேல் தன் பெயரைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"என் பேரா? என் பேரை எழுதியிருக்கே?" என்று குரல் உடைந்து கத்தினார். "உனக்கு நான் என்னய்யா கெடுதல் பண்ணினேன்? முப்பத்தொரு வருஷமா ஒரு காகிதத்துல என் கையெழுத்து இல்லை. ஒரு முடிவுல என் பங்கு இல்லை. இந்தக் கட்டடத்துல நான் இருக்கேன்கிறதுக்கே ஆதாரம் கிடையாது. எவ்வளவு கஷ்டப்பட்டுச் சேர்த்த நல்ல பேரு தெரியுமா? எனக்கும் பொண்டாட்டி பிள்ளைங்க இருக்காங்கய்யா!"

"என் பொண்டாட்டி லிஃப்ட்ல இருக்கா சார்" என்றான் மெக்கானிக்.

இடுக்கி பக்கத்தில் இருந்த நாற்காலியைக் காலாலேயே தூக்கி எறிந்தார். கைகள் அக்குளில் இருந்தபடி அப்படி எறிவதற்குப் பல வருஷப் பயிற்சி வேண்டும். மெக்கானிக்கின் தோள்பட்டை எலும்பு முறிந்தது. கடிதம் உறை பிரிக்காமலேயே குப்பைக்குப் போனது.

அப்போதுதான் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அந்தப் பிரயோகத்தைப் பற்றி அவனிடம் சொன்னேன். பாவமாக இருந்தது என்றும் சொல்லலாம். யாரிடமாவது என் புலமையைக் காட்டிக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது என்றும் சொல்லலாம். இரண்டாவதுதான் உண்மைக்குக் கொஞ்சம் பக்கம்.

"பேர் போடக் கூடாது. பேர் இல்லாமலும் போகக் கூடாது. டு ஹூம் இட் மே கன்சர்ன்னு போடு. அதுக்கு மேல மரியாதை கிடையாது. அப்படி வந்த கடிதத்தைத் திருப்பி அனுப்பவே முடியாது. கையேட்டுல இருக்கு."

"அப்படின்னா யாரு சார்?"

"யாருக்குச் சம்பந்தமோ அவங்க."

"லிஃப்ட் விழுந்தா எல்லாருக்கும்தானே சம்பந்தம்?" என்று கேட்டான். நான் காகிதத்தை மெஷினில் மாட்டினேன்.

அவன் சொல்லச் சொல்ல அடித்தேன். முதல் பிரதியை இடுக்கி தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, ஐந்து வார்த்தைகளும் பக்கத்தின் நட்டநடுவில் நிற்பதாகவும், இடது ஓரத்தில் நிற்பதுதான் பணிவு என்றும் சொன்னார். வார்த்தைக்கு ஒன்று வீதம் அவனுடைய நல்ல கையின் முட்டிகளில் ஐந்து அடி விழுந்தது. அடித்த காவலாளி ஒவ்வொரு அடிக்கும் அந்தந்த வார்த்தையைச் சொன்னார், மனப்பாடம் ஆகட்டும் என்று. வார்த்தைகளை நடுவில் வைத்து டைப் அடித்தவன் நான். ஆனால் கடிதம் அவனுடையது. இரண்டாவது பிரதி அப்பழுக்கில்லாமல் வந்தது. பன்னிரண்டு வருஷத்தில் அவ்வளவு சரியான கடிதத்தை நான் அடித்ததில்லை.

மெக்கானிக் அதைக் கொண்டுபோய் அலுவலகத்தின் நடுவில் தரையில் வைத்தான். மேஜையில் வைத்தால் அந்த மேஜைக்காரர் அவனைக் கொன்றிருப்பார்.

தன் அறையிலிருந்த தலைவரைத் தவிர நாற்பது பேரும் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் மூச்சு விடவில்லை. மூச்சு விட்டால் அது நகரும். ஆனால் மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த யாராவது கையை வெளியே எடுக்க வேண்டும். காகிதம் முதலில் ஒரு ஓரத்தைத் தூக்கியது, பிறகு எழும்பிப் பறந்தது.

அதற்கப்புறம் நடந்ததை ஒழுங்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. படிவ அதிகாரி மேஜைக்கு அடியில் பாய்ந்தார். ஏற்கெனவே அங்கே இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் அவரை உதைத்து வெளியே தள்ள, அவர் ஒருவருடைய காதைக் கடித்துக்கொண்டே வெளியே வந்தார், காது உள்ளே இருந்தவருடையது. ஆவணக் காப்பாளர் ஜன்னல் வழியாக வெளியே ஏறப் பார்த்தார். பின்னால் வந்தவர் அவர் முதுகில் ஏறினார், அவர் மேல் இன்னொருவர் ஏறினார், ஜன்னல் சட்டத்தோடு மூவரும் உள்பக்கம் விழுந்தார்கள். கடிதம் யார் பக்கம் திரும்புகிறதோ அவர் பக்கத்திலிருப்பவரைப் பிடித்து முன்னால் தள்ளினார். கையை உபயோகிக்க முடியாததால் எல்லாம் தலையாலும் முழங்காலாலும் பல்லாலும்தான் நடந்தது. கடைசியில் காகிதம் களைத்துப்போய் இடுக்கியின் வழுக்கைத் தலையில் வந்து உட்கார்ந்தது.

கோந்து தொண்டையைச் செருமினார். "தலையும் உடம்புதானே சார்? அப்படிப் பார்த்தா உங்களுக்குத்தான் சம்பந்தம்..."

இடுக்கி தலையை ஒரு சிலுப்பு சிலுப்பிக் காகிதத்தைத் தரையில் விழவைத்தார். பிறகு இரும்பு இடுக்கியை எடுத்துக் கோந்தின் முன்பல் இரண்டைப் பிடித்து இழுத்தார். பல் வந்தது. அன்றைக்குத் தரையில் பொறுக்கிய பற்கள் மொத்தம் ஒன்பது. யாருடையது எது என்று இன்னும் தீரவில்லை.

சத்தம் கேட்டுத் தலைவர் தன் அறையிலிருந்து வந்தார். பார்க்கச் சாதுவானவர். ரத்தத்தை மிதிக்காமல் நடக்கத் தெரிந்தவர். நிலைமையைக் கேட்டுக்கொண்டு, மறுநாள் காலை பத்து மணிக்குச் சம்பந்தத் தேர்வு நடத்த உத்தரவிட்டார்.

"நாளைக்கா சார்?" என்று மெக்கானிக் கேட்டான். "இன்னிக்கே நிறுத்திட்டு நாளைக்குத் தேர்வு வெச்சுக்கக் கூடாதா? ஒரு ராத்திரி கூடத் தாங்குமோ என்னமோ."

"ராத்திரியில லிஃப்ட் ஓடுறதில்லையேப்பா" என்று தலைவர் அன்பாகச் சொன்னார். "ஓடாத நேரத்துல நிறுத்தி என்ன பிரயோஜனம்?"

மறுநாள் காலை கூட்ட அறையில் எங்களைச் சுவரோரமாக வரிசையில் நிறுத்தினார்கள். தலைக்குக் கட்டுப் போட்டவர்கள் ஒரு பக்கம், தாடைக்குப் போட்டவர்கள் ஒரு பக்கம். மெக்கானிக் மனுதாரன் என்பதால் கதவோரம் நிற்கலாம் என்றார்கள். தலைவர் மேடை ஏறினார்.

"நண்பர்களே! இந்த வாரியம் வன்முறையை ஒருநாளும் ஏத்துக்கிட்டதில்லை. அதனாலதான் விழுற ஒவ்வொரு அடியையும் ரிஜிஸ்தர்ல எழுதி வெக்கிறோம். எழுதி வெச்ச அடி அடியே இல்லை, அது நடவடிக்கை. இப்ப விஷயத்துக்கு வருவோம். இந்த ஐயா எழுதின கடிதத்தை நான் பார்த்தேன். எவ்வளவு சரியான பிரயோகம்! எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. உள்ளே என்ன எழுதியிருக்குன்னு நான் பார்க்கலை, பார்க்கவும் கூடாது. ஆனா அந்த முதல் வரி இருக்கே! அதோட அழகு என்ன தெரியுமா? எழுதுறவன் யாரையோ நினைச்சு எழுதுறான். படிக்கிறவன் வேற யாரையோ நினைச்சுப் படிக்கிறான். நடுவுல ஒருத்தனும் மாட்டுறதில்லை. இந்தக் கட்டடம் நாப்பது வருஷமா நிக்குதுன்னா சிமெண்ட்டாலன்னா நினைக்கிறீங்க? இந்த அஞ்சு வார்த்தையாலதான் நிக்குது. அதுக்காக யாருக்குமே சம்பந்தம் இல்லைன்னு விட்டுட முடியாது. மேலிடம் கேட்கும். அதனால தேர்வு."

தேர்வு எளிமையானது. தலைவர் கடிதத்தைத் தொடாமல் ஒவ்வொரு வரியாகப் படிப்பார். ஒவ்வொரு வரிக்கும் காவலாளிகள் வரிசையில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் ரூல்தடியால் முழங்காலுக்குக் கீழே ஒன்று கொடுப்பார்கள். யார் முகத்தில் ஏதாவது தெரிகிறதோ அவர்தான் சம்பந்தப்பட்டவர்.

முதல் வரி, கயிறு ஒன்று அறுந்துவிட்டது. தடிகள் விழுந்தன. நாற்பது முகங்களும் சுவரைப் போல இருந்தன. இரண்டாவது வரி, இன்னொன்றில் பாதி இழை இல்லை. என் இடது காலில் ஏதோ விரிசல் விட்ட சத்தம் எனக்கே கேட்டது, நான் எதிரே இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவில்லை என்பதில் அப்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மூன்றாவது வரி, கவ்வுகிற கொக்கிகள் இல்லை. படிவ அதிகாரி மயங்கி விழுந்தார், ஆனால் முகத்தில் எதையும் காட்டாமல் விழுந்தார். தலைவர் பாராட்டாகத் தலையசைத்தார்.

நாலாவது வரியை அவர் படித்தார். "காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை அதற்குள் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள்."

தடிகள் விழுந்தன. வரிசையில் ஒரு சத்தமும் இல்லை. கதவோரத்திலிருந்து ஒரு விம்மல் வந்தது.

எல்லாரும் திரும்பினோம். யாரும் அடிக்காமலேயே மெக்கானிக் அழுதுகொண்டிருந்தான். துணி சுற்றிய கையால் வாயைப் பொத்திப் பார்த்தான், முடியவில்லை. தோள் குலுங்கியது. முறிந்த தோள் அது, குலுங்கியதில் வலித்து இன்னும் அழுதான்.

"கிடைச்சுட்டார்!" என்று தலைவர் கத்தினார். "சம்பந்தப்பட்டவர் கிடைச்சுட்டார்!"

கைதட்ட முடியாததால் எல்லாரும் காலால் தரையைத் தட்டினோம், தட்ட முடிந்தவர்கள். வாரியத்தின் வரலாற்றில் ஒரு டு ஹூம் இட் மே கன்சர்ன் கடிதம் சேர வேண்டியவரிடம் போய்ச் சேர்ந்தது அதுவே முதல் தடவை. எழுதியவனே வாங்குகிறவனும் ஆனதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை, நிம்மதிதான். கடிதத்தை இரும்பு இடுக்கியால் எடுத்து அவன் கையில் கொடுத்தார்கள். சம்பந்தப்பட்டவர் என்கிற முறையில் உத்தரவு போடும் அதிகாரம் அவனுக்கு வந்துவிட்டது. இருக்கிற விரல்களால் பேனாவைப் பிடித்து அவன் எழுதினான்: "லிஃப்டை நிறுத்தவும்." கையெழுத்தும் போட்டான்.

போட்ட கையோடு கதவைப் பார்த்து ஓடினான். காவலாளிகள் பிடித்துக்கொண்டார்கள்.

"எங்கேப்பா ஓடுறே?" என்றார் தலைவர். "உத்தரவு கீழ்த்தளத்துப் பலகையில ஒட்டினப்புறம்தான் செல்லும். வாரியமே நேர்ல போய் ஒட்டணும். இப்படி ஒரு நாள் இனிமே வருமா?"

"ஒட்டுங்க சார், நல்லா ஒட்டுங்க. படியில போயிடலாம் சார். காலைப் பிடிச்சுக்கிறேன்."

"படியிலயா? வாரியம் படியில இறங்கினதா எந்தக் குறிப்பும் கிடையாது. அதுவுமில்லாம எங்க காலை எல்லாம் பாரு, நடக்கிற நிலைமையிலயா இருக்கு?"

அது உண்மைதான். எங்களில் வாரிய உறுப்பினர்களான பதினாலு பேரும் நொண்டிக்கொண்டு லிஃப்ட் வாசலுக்குப் போனார்கள். கதவு திறந்தது. உள்ளே அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள், மடியில் அன்றைக்குக் காலையிலேயே அவன் கொடுத்துவிட்டிருந்த டப்பா.

"இறங்கு!" என்று மெக்கானிக் காவலாளிகளின் பிடியிலிருந்து கத்தினான். "இறங்கிடும்மா! உத்தரவு ஆயிடுச்சு!"

"ஒட்டிட்டாங்களா?" என்று கேட்டாள். அவளுக்கும் விதி தெரியும். பிறகு உள்ளே நுழைந்துகொண்டிருந்தவர்களை எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஆறு பேருக்கு மேல ஏறக்கூடாதுங்க. எழுதியிருக்கு பாருங்க. ஏற்கெனவே சத்தம் சரியில்லைங்க."

"பதினாலு பேர் போயாகணும். நீ உட்கார்ந்திருக்கிற இடத்துல ரெண்டு பேர் நிப்பாங்க" என்றார் இடுக்கி. அவளைக் கையால் தொடவும் அவருக்குப் பயம், கடிதத்தில் வந்தவளாயிற்றே. இரும்பு இடுக்கியால் அவள் மணிக்கட்டைக் கவ்வி இழுத்தார். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இன்னொருவர் முழங்காலால் அவள் முதுகில் இடித்தார். எலும்பு முறிகிற சத்தத்தோடு அவள் வெளியே வந்து வராந்தாவில் குப்புற விழுந்தாள். பின்னாலேயே ஸ்டூலையும் டப்பாவையும் எறிந்தார்கள்.

நானும் ஏறத்தான் போனேன். பசை டப்பா என்னிடம் இருந்தது. தலைவர் அதை மட்டும் இரும்பு இடுக்கியால் வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு, "இடமில்லைய்யா, நீ அடுத்த தடவை வா" என்றார். கதவு மூடியது.

வாசலுக்கு மேலே மாடி எண்கள் எரியும். மூன்று எரிந்தது. இரண்டு எரியவே இல்லை, அதற்கு நேரம் இருக்கவில்லை. கட்டடம் ஒரு குலுக்கு குலுங்கியது. வரவேற்பறைப் பெட்டியிலிருந்த ஒற்றைக் கண்ணாடி கீழே விழுந்து உடைந்தது.

நாங்கள் படியிறங்கி, சிலர் உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கி, கீழ்த்தளத்துக்குப் போனோம். லிஃப்ட் தரைமட்டத்துக்குக் கீழே இரண்டு ஆள் ஆழக் குழியில் நசுங்கிக் கிடந்தது. கதவு பிய்ந்து தொங்கியது. உள்ளே யார் கால் யார் கை என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி இருந்தார்கள். சிலர் முனகினார்கள், சிலர் முனகவில்லை. எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து தலைவரின் குரல் வந்தது.

"யாராவது வாங்களேன்! யாராவது தூக்குங்களேன்!"

இருபத்தேழு பேர் குழியைச் சுற்றி நின்றோம். கோந்து எட்டிப் பார்த்தார். முன்பல் இல்லாததால் அவர் பேச்சில் காற்றுப் போயிற்று.

"ஐயா, யாராவதுன்னா யாரு? குறிப்பிட்டுச் சொன்னீங்கன்னா நல்லா இருக்கும்."

கொஞ்ச நேரம் கழித்துத் தலைவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இரண்டு தடவை கூப்பிட்டார். நான் கோந்தைப் பார்த்தேன்.

"அவர் இன்னிக்கு லீவுங்கய்யா" என்றார் கோந்து. உதவி என்றால் அதுதான் உதவி.

மெக்கானிக் தன் அறையிலிருந்து ஒரு வடக்கயிறு கொண்டுவந்தான். தூணில் கட்ட ஆரம்பித்தான், ஒரு கையில் இரண்டு விரல் இல்லை, ஒரு தோள் எழும்பவில்லை. முடிச்சு வழுக்கிக்கொண்டே போனது. அவன் மனைவி முறிந்த மணிக்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு படிக்கட்டில் நின்றாள். தன்னை இழுத்து எறிந்த இரும்பு இடுக்கி குழிக்குள் பளபளப்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். போகட்டுமா என்று அவன் கேட்கவில்லை, ஆனால் கேட்டதுபோலத்தான் நின்றான்.

"போங்க" என்றாள். "உங்களுக்குத்தானே சம்பந்தம்."

அவன் இடுப்பில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு குழியின் விளிம்பில் உட்கார்ந்தான். எங்களைப் பார்த்து, "யாராவது இந்த முனையைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க சார். தூண்ல முடிச்சு நிக்கலை" என்றான்.

யாரும் கையை வெளியே எடுக்கவில்லை. அவள் இறங்கிவந்து, நல்ல கையில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, காலைத் தூணில் ஊன்றிப் பிடித்துக்கொண்டாள். அவன் இறங்கினான். கயிறு அவள் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு ஓடியது, அவள் விடவில்லை.

நான் மிகப் பக்கத்தில் நின்றிருந்தேன், ஒரு எட்டு வைத்தால் போதும். என் இரண்டு கைகளும் அக்குளுக்குள் கதகதப்பாக இருந்தன.